பிள்ளைபிடி வேலைக்கு வக்காலத்து வேண்டாம்!

ஒவ்வொரு நவம்பரிலும் நம் தமிழர் கூட்டங்களில் ஈழத்து வீரம் பேசப்படுகிறது. விமான் நகரிலும் பேசப்படுகிறது. கைதட்டல் எழுகிறது. ஆனால் களத்தில் விழுந்த பிள்ளைகளின் வயதைக் கேட்டால் கூட்டம் வாயடைக்கிறது. கேட்டவன் துரோகி ஆகிறான். அந்தப் பட்டத்துக்கு அஞ்சி நாம் மௌனம் சாதிப்பதற்கில்லை.

நடந்தது என்ன? 1998 மே மாதம் ஐ.நா. பொதுச்செயலாளரின் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குச் சென்றார். 17 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை, 18 வயதுக்குட்பட்டோரைக் களத்தில் இறக்குவதில்லை என்று புலிகள் தலைமை அவரிடம் வாக்களித்தது. வாக்கு காற்றோடு போயிற்று. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்பும் ஆள்பிடிப்பு நிற்கவில்லை. 2003 முதல் 2008 முடிய யுனிசெஃப் பதிவு செய்த சிறுவர் சேர்ப்பு மட்டும் 6,000க்கு மேல். 2004ல் கருணா பிரிந்தபோது கிழக்கில் ஏராளமான பிள்ளைகள் வீடு திரும்பினர். சில மாதங்களுக்குள் அதே வீடுகளின் கதவுகள் மறுபடியும் தட்டப்பட்டன.

'வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்றார்கள். எந்த வீட்டுக்கு? லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்ப வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தப்பிப் போயிற்று. மட்டக்களப்பிலும் வன்னியிலும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை, மீனவன் வீட்டுப் பிள்ளை அகப்பட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியிலும் கோயில் திருவிழாவிலும் பிடித்தார்கள். போரின் கடைசி மாதங்களில் 14 வயதுப் பிள்ளைகளையும் விடவில்லை என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011ல் எழுதியது. பிள்ளையைப் பதுங்குகுழியில் ஒளித்தவர்களும், காப்பாற்றுவதற்காகவே சின்ன வயதில் கல்யாணம் முடித்தவர்களும் தமிழ்த் தாய்மார்தான். 'பிள்ளைபிடிகாரர்' என்று பெயர் வைத்ததும் அவர்களே. கொழும்புப் பத்திரிகை அல்ல.

'பலர் தாமாகவே போனார்கள்' என்பார்கள். உண்மை. அப்பனைச் சுட்ட சிப்பாயைக் கண்ட சிறுவனுக்குக் கோபம் வராதா? கோபம் சிறுவனுடையது; துப்பாக்கியை நீட்டிய கை பெரியவனுடையது. அந்தக் கையைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

இதனால் இலங்கை அரசு உத்தமனாகிவிடுமா? ஆகாது. கருணா குழு கிழக்கில் பிள்ளைகளைக் கடத்தியபோது படையினரில் ஒரு பகுதி துணை நின்றது என்று 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் ஆலன் ராக் பகிரங்கமாகச் சொன்னார். அந்தக் கருணா 2009ல் மந்திரியானார்! 2006 ஆகஸ்டில் செஞ்சோலையில் விமானப்படை குண்டு போட்டு மாணவியரைக் கொன்றது.

தில்லியும் கை கழுவ முடியாது. 1987ல் அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் தெபிந்தர் சிங், இதே புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட தென்பிராந்தியத் தளபதி. அப்படை வெளியேறத் தொடங்கிய 1989ல், அதன் நிழலில் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற பெயரில் பள்ளி மாணவரையும் பிடித்து ஆயுதம் கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் படை கப்பலேறிற்று. அந்தப் பிள்ளைகள் நட்டாற்றில் விடப்பட்டனர்.

எல்லாத் தரப்பின் கொடுமையையும் எழுதிய யாழ்ப்பாணத்து டாக்டர் ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ல் சுட்டுக் கொல்லப்பட்டார். துரோகிப் பட்டத்தின் விலை அது. இங்கே நமக்குக் கிடைப்பது வசவு மட்டுமே. அதற்குமா அஞ்சுவது?

2009ல் சரணடைந்த சிறுவர் போராளிகள் 594 பேர். அவர்கள் இன்று முப்பது வயதை எட்டியவர்கள், தாண்டியவர்கள். படிப்பு போயிற்று. பலருக்கு உடலில் ஊனம். இராணுவத்துக்குச் சந்தேகம், ஊருக்கும் சந்தேகம். வேலை கொடுப்பார் இல்லை. முதலில் இயக்கத்திடமும் பிறகு இராணுவத்திடமும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் 2010ல் விசாரணைக் கமிஷன் முன்னால் நின்று அழுதார்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் காணாமற் போனவர்களின் உறவினர் தெருவில் உட்கார்ந்தார்கள். நம் மேடைகளில் இவர்களுக்கு ஒரு வரி உண்டா?

தோழர்களே! நம் பிள்ளையை இங்கே இஞ்சினியரிங் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, அடுத்தவன் பிள்ளை துப்பாக்கி தூக்கியதற்குக் கைதட்டுவது இனப்பற்றாகாது. துப்பாக்கி ஏந்திய சிறுவர் படத்தை மேடையிலிருந்து அகற்றுவோம். அஞ்சலி செலுத்துவோம், கூடவே வயதையும் சொல்லி அஞ்சலி செலுத்துவோம். வசூலாகும் பணம் உயிரோடிருக்கும் அந்த முன்னாள் சிறுவர்களின் தொழிலுக்கும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் போகட்டும். தமிழனின் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம், தமிழ்க் குழந்தையின் உரிமையை யாரிடமும் அடகு வைக்க மாட்டோம்.