முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் பால்



சென்ற மாதம் எமது சிறுசேமிப்புக் குழுவின் கூட்டத்தில் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, ஒரு தங்கச்சி தன் பைக்குள் இருந்து யோகட் கோப்பை ஒன்றை எடுத்து என் முன்னே வைத்தாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில், கண் திறக்காத அணில்பிள்ளை ஒன்று சுருண்டு கிடந்தது. "மிஸ், நீங்கள் அணில் ஒன்றைக் காப்பாத்தினனீங்களாம். இதுக்கும் ஏதாவது செய்யுங்கோ" என்றாள்.

காப்பாற்றியது நானல்ல, ஓர் அம்மா. என்னுடைய பங்கு வேறு. அதை இதுவரை எங்கும் எழுதவில்லை. தங்கச்சி கேட்டபடியால் இந்த மாதம் எழுதுகிறேன்.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறி, மறுநாள் எமது மன்னார்ப் பக்கமாக வெளியேறிச் சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிரவு தீவில் நித்திரை கொண்டவர்கள் குறைவு. விடிந்ததும் யார் வீட்டுக் கூரை நிற்கிறது, யார் வீட்டில் இல்லை என்று பார்க்க நானும் இன்னொரு கள உத்தியோகத்தரும் பேசாலைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே அந்த அம்மாவின் காணிக்குள் ஒரு வயதான பனை சாய்ந்து கிடந்தது. கொட்டில் தப்பிவிட்டது. அம்மா பனை ஓலைகளுக்கு நடுவே குந்தியிருந்து நார்க்கூடு ஒன்றைப் பிரித்துக் கொண்டிருந்தார். அதற்குள் இரண்டு குஞ்சுகள். பெருவிரல் அளவு, மயிர் இப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது. முதுகில் மூன்று கோடுகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

அந்த அம்மாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெருநிலப்பரப்பில் இருந்து இடம்பெயர்ந்து, வன்னிக்குள் அலைந்து, முகாமில் இருந்து, கடைசியில் தங்கையின் காணியில் கொட்டில் போட்டுக் கொண்டவர். மூத்த மகன் 2009 இல் வன்னியில் காணாமற்போனான். அவன் பெயரில் அவர் பதியாத அலுவலகம் இல்லை. இரவில் நித்திரை வராததால் மாத்திரை எடுப்பவர். எங்கள் பதிவேட்டில் அவர் "உளசமூக ஆற்றுப்படுத்தல் தேவைப்படுபவர்". நான் நான்கு வருடம் படித்த சமூகவியல் எனக்கு இப்படியான சொற்களை நிறையத் தந்திருக்கிறது.

குஞ்சுகளைக் கண்டதும் நான் அதிகாரி ஆகிவிட்டேன். "அம்மா, மழைக்குள்ள வைச்சிருக்காதேங்கோ, உள்ள கொண்டு போவம். பசிக்குது போல, பால் குடுப்பம்" என்றேன். பால்மாவைக் கரைத்துத் திரியை நனைத்து முதலாவதின் வாயில் வைத்தவள் நான். மல்லாக்கப் பிடித்துக்கொண்டு, ஒரு கைக்குழந்தைக்குப் பருக்குவது போலப் பருக்கினேன். அது இரண்டு தரம் தும்மியது. மூக்கால் பால் வந்தது. மாலையில் மூச்சு இழுக்கத் தொடங்கி, இருட்டுவதற்குள் செத்துவிட்டது.

அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்த ஒரு கால்நடை வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். கொரோனாக் காலம், அவரால் வர இயலவில்லை. அவர் ஏசவில்லை. ஆனால் முதலில் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியாது. "தாய் அணில் அங்கே நின்றதா?"

நின்றது. காலையில் நாங்கள் கூட்டைப் பிரித்தபோது, விழுந்த பனையின் அடிப்பக்கத்தில் ஒரு பெரிய அணில் வாலை அடித்து அடித்துக் கத்திக்கொண்டே இருந்தது. எங்களைக் கண்டு பயந்து கத்துகிறது என்று நினைத்தேன். பூனை வந்துவிடும் என்று ஒரு கட்டியை எடுத்து எறிந்து கலைத்ததும் நான்தான். குஞ்சுகளை ஒரு பெட்டியில் இட்டு அந்த இடத்திலேயே விட்டு நாங்கள் விலகி நின்றிருந்தால், தாய் ஒவ்வொன்றாக வாயால் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போயிருக்கக் கூடும் என்று வைத்தியர் சொன்னார். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்பது எமது ஊர்ப் பேச்சு. அது சரியல்ல.

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் விடிய முதலே மீதிக் குஞ்சைக் கொண்டுபோய்ப் பனையடியில் வைத்து மதியம் வரை தள்ளி இருந்து பார்த்தாராம். தாய் வரவில்லை.

இனி, எஞ்சிய ஒன்றை அவர் வளர்த்த விதத்தைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

வைத்தியர் சொன்ன ஒழுங்கு இதுதான்: முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் பால். குளிர்ந்துபோன குஞ்சின் வயிறு எதையும் சமிபாடடையச் செய்யாது. வெறும் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியால் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். அப்போதுதான் சூடு கூடினால் குஞ்சு மற்றப் பக்கம் ஊர்ந்து போகும். படுக்கைக்கு நூல் இழுபடாத பழைய சீலைத்துண்டு நல்லது. துவாயின் நூலில் நகம் சிக்கும். குஞ்சு கையில் இளஞ்சூடாகத் தெரிந்த பின், வயிற்றோட்டத்துக்கு நாங்கள் கரைக்கும் ஜீவனியைப் பொதியில் உள்ள அளவுப்படி கரைத்து, வெதுவெதுப்பாக்கி, சில துளிகள் கொடுக்கலாம். பால் அதற்குப் பின்னர். பசுப்பாலும் பால்மாவும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும், ரின்பால் கூடவே கூடாது. நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மா நல்லது. அது கிடைக்காத இடத்தில் தண்ணீர் கலந்த ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னார். ஆட்டுக்கு மன்னாரில் என்ன குறை?

மருந்துக்கடையில் ஊசி இல்லாத ஒரு மில்லிலீற்றர் சிறிஞ் வாங்கினோம். குஞ்சை ஒருபோதும் மல்லாக்கப் பிடிக்கக் கூடாது. குப்புற, தலை சற்று உயர்ந்திருக்கப் பிடித்து, துளி துளியாக விட வேண்டும். அந்த அளவுக் குஞ்சுக்கு ஒரு தடவைக்கு அரை மில்லிலீற்றர் போதும். வளர வளர ஒன்று, பிறகு அதற்கு மேல். கண் திறக்கும் வரை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும். இன்னொரு விடயம் பலருக்கும் தெரியாது: இந்தக் குஞ்சுகளால் தாமாகச் சிறுநீர் கழிக்க இயலாது. தாய் நக்கித்தான் அதைச் செய்விக்கும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் தடவிவிட வேண்டும். இதைச் செய்யாததால் வயிறு வீங்கிச் சாகும் குஞ்சுகள் உண்டு.

இரவு பத்து மணி, ஒரு மணி, நான்கு மணி என்று அம்மா எழும்பினார். முதல் கிழமை நான் ஒவ்வொரு நாளும் போனேன். குற்ற உணர்வில் போனேன் என்று சொல்வதே நேர்மை. ஒருநாள் அவர் சொன்னார்: "முந்தியும் ஒரு மணிக்கு முழிப்புத்தான் பிள்ளை. இப்ப முழிச்சா ஒரு வேலை கிடக்கு." இதை வைத்து அணில் அவரைக் குணப்படுத்திவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. மாத்திரையை அவர் நிறுத்தவில்லை. மகனின் கோவையும் மூடப்படவில்லை. மாத அறிக்கையில் இதற்கொரு நிரலும் இல்லை. நான் எதையும் நிரப்பாமல் விட்டேன்.

அயலவர்கள் பேசாமல் இருப்பார்களா? "மனுசப் பிள்ளையளுக்கே பால் இல்லை, அணிலுக்குச் சிறிஞ்சோ?" என்று ஒரு அக்கா கேட்டா. அவவிலும் பிழை சொல்ல ஏலாது. பால்மாவுக்கு நாம் வரிசையில் நின்ற 2022 இல் இது நடந்திருந்தால் நானே அப்படிக் கேட்டிருப்பேன். அம்மா கோபப்படவில்லை. மன்னார் நகரத்தில் வாகனங்கள் அடித்துவிட்டுப் போகும் கழுதைகளுக்காக பிரிட்ஜிங் லங்கா என்னும் அமைப்பு சிகிச்சை நிலையம் அமைத்ததைச் சொல்லி, "கழுதைக்கே ஆசுபத்திரி இருக்கிற ஊரடி இது" என்றார். அந்த அக்காவின் மகள் பிறகு தினமும் வந்து பஞ்சு நனைத்துக் கொடுத்தாள்.

கண் திறந்தது, மயிர் மூடியது, வால் புசுபுசுவென்று வந்தது. விஞ்ஞானிகள் எமது அணிலுக்கு வைத்திருக்கும் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மாரம். இலத்தீனில் முதற்சொல் கயிற்றில் நடப்பவன் என்றும் மற்றது பனைகளுக்குரியது என்றும் பொருள்படும். எமது பனங்காணிகளைக் கண்டுவிட்டு வைத்த பெயர் போலவே இருக்கிறது. முதுகுக் கோடுகள் தலைமன்னாரில் தொடங்கும் அணையைக் கட்ட உதவியதற்கு இராமர் தடவிவிட்டவை என்று சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். வட இந்தியாவில் இதன் இனத்து அணிலுக்கு ஐந்து கோடுகள். அங்கே ஐந்து விரலாலும் தடவினார் போலும்.

ஏறத்தாழ பத்து வாரத்தில் அணில்பிள்ளை பால் மறக்கும். பெப்ரவரி நடுப்பகுதியில் அது அம்மாவின் தோளில் ஏறி, கொண்டைக்குள் கொய்யாத்துண்டு ஒளித்து வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதை விடும் காலம் வந்துவிட்டது என்று சொன்னபோது அம்மாவின் முகம் மாறியது. "கூடு ஒன்று வாங்கித் தாரும், இஞ்சயே இருக்கட்டும். வெளியில காகம், பூனை. நான் ஒண்டை விட்டிட்டு இருக்கிறது காணும்."

அதற்குச் சமூகவியலில் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். ஆதம்பன் பக்கத்தில் எங்கள் வீட்டில் தம்பி ஓர் அணில் வளர்த்தான். கிளிக்கூட்டில் வைத்து, பாண், பிஸ்கற், கச்சான் என்று செல்லமாகக் கொடுத்தான். வெயிலே படாத மூலையில் கூடு. ஒரு வருடத்துக்குள் பின்னங்கால்கள் இழுபடத் தொடங்கின. எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் தடவினோம். உண்மையில் அது கல்சியம் இல்லாமல் எலும்பு உருகிய நோய். 2008 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது தம்பி கூட்டைத் திறந்துவிட்டான். அது வெளியே வரவில்லை. வந்தாலும் ஏறக்கூடிய கால் அதற்கு இல்லை. உழவு இயந்திரத்தில் இருந்து திரும்பிப் பார்த்தபோது கூட்டின் கதவு திறந்தபடி கிடந்தது.

அம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அட்டைப்பெட்டிக்குப் பதிலாகப் பலகைப் பெட்டி ஒன்றைத் தங்கையின் மகனைக் கொண்டு முருங்கையில் கட்டுவித்தார். வாசலை மூடவில்லை. அணில் பகலில் வெளியே போய் இரவில் பெட்டிக்கு வந்தது. இரண்டு கிழமையின் பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மார்ச் கடைசியில் வரவில்லை. அம்மா இன்றும் சிரட்டையில் தண்ணீரும் பழத்துண்டும் வைக்கிறார். மூன்று நான்கு அணில்கள் வருகின்றன. அதில் எது அவருடையது என்று கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரே கோடுதானே" என்பார். 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை ஐந்து நிமிடத்தில் குரங்கு, மயில், மர அணில் எல்லாம் எண்ணித் தரும்படி அரசாங்கம் கேட்டபோது, "எங்கட ஆளையும் எழுதிறதோ?" என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் கேட்டது பெரிய மர அணிலை என்று விளங்கப்படுத்தினேன்.

இன்னும் இரண்டொன்று. பூனை கவ்விய அணிலுக்குக் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் பூனையின் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டி மருந்து எடுக்க வேண்டும். பனடோலை உடைத்துக் கொடுக்காதீர்கள். நூறு கிராம் உயிருக்கு ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரையை எப்படி அளப்பது? அணில் உங்களைக் கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆசுபத்திரியில் காட்டுங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

இனி அந்த யோகட் கோப்பை. தங்கச்சியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "எங்க எடுத்தனீ?" கூட்டத்துக்கு வரும் வழியில், கோயில் வளவு வேம்புக்குக் கீழே. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. கணக்குப் புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் எழும்பிப் போனோம். குஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலைச் சுற்றி ஒரு தொப்பிக்குள் வைத்து, அதன்மேல் குஞ்சை இட்டு வேம்பின் அடியில் விட்டோம். நாய்கள் வராதபடி பார்த்துக்கொண்டு மதிலுக்கு அப்பால் நின்றோம். நாற்பது நிமிடம் எவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. பிறகு மரத்தில் இருந்து தலைகீழாக ஒரு அணில் இறங்கியது. திரும்பி ஏறியது. மறுபடி இறங்கி, குஞ்சைப் புரட்டி வயிற்றில் கவ்விக்கொண்டு ஏறிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"தாய்தானோ வந்தது? வடிவாப் பாத்தனியோ?" என்று கேட்டார்.

"பாத்தனான் அம்மா" என்றேன்.