வெள்ளம் வடிந்த பிறகு யாரைக் கேட்பது?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையைத் தாம்பரம் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதாவது ஒன்றரை அடிக்கும் மேல்! இரும்புலியூர் வட்டாரத்து ஏரிகள் நிரம்பின. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. குழந்தை குட்டிகளோடு மக்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். ராணுவத்தாரும் மீனவர்களும் படகில் வந்து மீட்டார்கள். அவர்களைப் பாராட்டாத வாய் இல்லை.

சில நாளில் தண்ணீர் வடிந்தது. படகுகளும் போய்விட்டன. உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. தெருவெல்லாம் நனைந்த பாயும் மெத்தையும். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? பிளீச்சிங் பவுடர் யார் போடுவது? ரேஷன் கார்டு ஊறிப் போயிற்று. பையனின் பள்ளிச் சான்றிதழைக் காணோம். எங்கே போய்ச் சொல்வது?

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது ராணுவம் அல்ல. கோட்டையில் இருக்கும் மந்திரியும் அல்ல. நகராட்சி, ஊராட்சி, தாலுகா ஆபீஸ் ஆகியவைதான். அந்த டிசம்பரில் வெளியூர் மாநகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் சென்னைக்கு வந்து குப்பையை அள்ளினார்கள். தொலைந்த சான்றுகளுக்கு நகல் கொடுக்கத் தனி முகாம்கள் நடந்தன. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் உதவித்தொகையும் வந்தது.

பட்டியலில் பெயர் விட்டுப் போனவர்கள் என்ன செய்வது? அங்கேதான் கவுன்சிலர் வேண்டும். பின்கட்டில் குடியிருக்கும் வாடகைக்காரர் யார், தனியாக இருக்கும் பாட்டி யார், எந்தச் சந்தில் சாக்கடை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்குத் தெரியாது. வார்டில் ஓட்டு கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவருக்குத் தெரியும். கவுன்சிலர் எல்லோரும் நல்லவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தப்பு செய்தால் அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அதிகாரியை அப்படிச் செய்ய முடியுமா?

இனி நடந்ததைக் கேளுங்கள்.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் 5 ஆண்டுக் காலம் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் நடக்க இருந்தது. இட ஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று வழக்கு வந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, தவறைத் திருத்தி நடத்தியிருக்கலாம். வார்டு எல்லை என்றார்கள். வழக்கு என்றார்கள். வருஷங்கள் ஓடின. நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்! ஐந்து வருஷத்துக்கு மேல் தாம்பரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அதிகாரி ஆட்சிதான்.

வானம் அதற்காகக் காத்திருக்குமா? 2021 நவம்பர் தொடக்கத்தில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், 5 பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, பெருமழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் பக்கம் மறுபடியும் வெள்ளம். மாநகராட்சி இருந்தது, மாமன்றம் இல்லை. பொறியாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் பாடுபட்டார்கள், அதில் குறையில்லை. ஆனால் தெருக்காரர்கள் சார்பில் சபையில் எழுந்து கேட்க ஓர் ஆளும் கிடையாது.

சென்னை நகரத்துக்கு இது புதிதல்ல. அங்கே 1973-ல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996-ல்தான் திரும்ப வந்தது. நடுவில் 1985-ல் அடையாறு பெருகியபோதும் நகரத்துக்குக் கவுன்சிலர் இல்லை.

தேர்தலைத் தள்ளிப்போட நியாயமான காரணம் இருந்த ஊர் ஒன்று உண்டு. ஜப்பானில் ஓட்சுச்சி என்பது கடலோரச் சிற்றூர். 2011 மார்ச் 11-ந் தேதி சுனாமி அந்த ஊரின் நகர மன்றக் கட்டடத்தையே அடித்துப் போட்டது. மேயரும் ஊழியர்களும் சேர்ந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். குடும்பப் பதிவேடுகளும் கடலோடு போயின. நல்லவேளையாக, பதிவேட்டின் நகல் நீதித்துறை அலுவலகம் ஒன்றில் இருந்தது. அதைக் கொண்டு மறுபடி எழுதினார்கள். வேறு ஊர்களின் ஊழியர்கள் வந்து மேஜைகளில் உட்கார்ந்தார்கள். பாதிக்கப்பட்ட பகுதிகளில் தேர்தலைத் தள்ளிவைக்க ஜப்பான் பார்லிமெண்ட் தனிச் சட்டமே போட்டது. எத்தனை நாள் தள்ளிப்போயிற்று? சில மாதந்தான். ஆகஸ்டில் ஓட்சுச்சி மக்கள் ஓட்டுப் போட்டுப் புது மேயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊரே இல்லாத ஊரில் நடந்த தேர்தல், எல்லாம் இருந்த ஊரில் ஐந்து வருஷம் நடக்கவில்லை.

நம் அரசியல் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நகராட்சியின் ஆயுள் 5 ஆண்டு. அதற்கு மேல் நீட்டக்கூடாது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். 1993 முதல் இதுதான் சட்டம்.

தாம்பரத்தின் 70 வார்டு உறுப்பினர்கள் 2022 மார்ச்சில் பதவி ஏற்றார்கள். 25 வயதுப் பெண் ஒருவர் முதல் மேயரானார். 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்து முடிச்சூர் பக்கம் மீண்டும் தண்ணீர் நின்றபோது, மக்கள் கவுன்சிலர்களைப் பிடித்துக் கேட்க முடிந்தது. எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் திட்டுவதற்காவது ஆள் இருந்தார்கள்.

இந்த மாமன்றத்தின் 5 ஆண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்று வேலைகளும் கடைசி மாதத்தில் தொடங்கும் வேலைகள் அல்ல. ஏரி மதகைப் பார்ப்பதைப் போல, இவற்றையும் சர்க்காரும் தேர்தல் ஆணையமும் மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து முடித்து, தேதியை மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.