ஏலத்தோட்டத்தில் ஒரு திங்கட்கிழமை

பாலா மறைமாவட்டத்தின் துணை ஆயராக இருந்த மார் ஜேக்கப் முரிக்கன், 2016 ஜூன் மாதத்தில் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை உறவு ஏதுமற்ற ஓர் இந்து இளைஞருக்கு அளித்தார். 2022 ஆகஸ்டில் பதவியையும் துறந்து, தனிமைத் தவ வாழ்வை நாடி இடுக்கி மாவட்டத்து நல்லதண்ணிக்குச் சென்றார். அவருக்கு முன்பே, 2009-இல், அருள்தந்தை டேவிஸ் சிறமேல் இதே கொடையைச் செய்திருந்தார். கேரளம் இருவரையும் கொண்டாடியது. கொண்டாடத் தக்கவர்களே.

எனினும் அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பெருந்தியாகம் செய்தவரைப் பீடத்தில் ஏற்றிவிட்டால், ஏற்றியவர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பலாம். இயேசுவைப் பின்செல்வது ஆயர்க்கும் துறவியர்க்கும் உரிய தனிக் கலையாகிவிடும். நாசரேத்தில் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தச்சராகக் கழித்தார் என்பது எவருக்கும் நினைவில் நிற்பதில்லை.

நல்லதண்ணியை அடுத்து மலையேறும் கோட்டயம் சாலை குமுளியில் தமிழக எல்லையைத் தொடுகிறது. அந்த எல்லை நெடுக, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக, விடியுமுன்பே ஜீப்புகள் மேலேறுகின்றன. தேனி மாவட்டத்துப் பெண்கள் தூக்குச்சட்டியும் பழைய சட்டையுமாக நெருக்கியடித்து அமர்ந்து, வண்டன்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்கின்றனர். அத்தோட்டங்களின் உரிமையாளர்களில் கணிசமானோர் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாத கிறித்தவக் குடும்பத்தினர். பின்செல்லுதல் என்னும் சொல்லுக்கு இம்மலைகளில் பொருள் தேட வேண்டிய இடம் திங்கட்கிழமையின் இத்தோட்டமே.

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையை இங்கே எல்லோரும் அறிவர். கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாள் கூலி கிடைத்தது என்ற அளவில் மறையுரைகள் நின்றுவிடுகின்றன. அதையும் பெரும்பாலும் விண்ணரசின் அருளைக் குறிப்பதாக விளக்கி, கூலியைக் கதையிலிருந்தே அகற்றிவிடுகின்றனர். அந்த உரிமையாளர் ஆளைத் தேடித் தாமே சந்தைவெளிக்குச் செல்கிறார், அதுவும் பலமுறை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டு, பதிலையும் கேட்கிறார். மாலையிலேயே கணக்கை முடிக்கிறார். ஏலமலையிலோ உரிமையாளருக்கும் உழைப்பவளுக்கும் இடையே ஜீப் ஓட்டுநரும் கங்காணியும் நிற்கின்றனர். தம் செடிகளைப் பல்லாண்டுகளாகத் தொட்டுவரும் பெண்ணின் பெயரை அறியாத முதலாளி இங்கே அரிதல்லர். மழை கொட்டி நண்பகலில் வேலை நின்றால் அன்றைய கூலி எவ்வளவு? மருந்தடித்த மறுநாளே அப்பாத்திக்குள் ஆளை இறக்கலாமா? ஒதுங்க ஒரு கழிப்பறை உண்டா? உவமை இறங்கி வரவேண்டிய கேள்விகள் இவை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பறை முதலிய வசதிகளைக் கட்டாயமாக்கியது. ஆயினும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் பொதுவாக அதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஏல விவசாயிகளில் மிகப் பலர் சிறு உடைமையாளர்களே. சட்டம் கேட்காததைச் செய்வதா என்பதை அவர்களது மனச்சான்றே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை சென்ற ஏலக்காய், அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. குடியேற்றக் காலத்தில் பஞ்சத்துக்கு அஞ்சி மலையேறிய குடும்பங்கள் கடனும் நோயும் யானையும் கண்டவை. விலை வீழ்ந்த ஆண்டில் கூலியை உயர்த்து என்பது எளிய அறிவுரையன்று. ஆனால் 7,000 ரூபாய் விற்ற ஆண்டில் ஜீப்பில் வந்தவளுக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது என்ற கேள்வி விலை வீழ்ச்சியோடு மறைந்துவிடவில்லை. பெயரைக் கேட்கவும், நனைந்தவளை வீட்டுத் திண்ணையில் அமர்த்தித் தேநீர் தரவும், எந்த விலையும் உயரக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

முரிக்கன் தம் உடலிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தோட்டக்காரரிடம் அதை எவரும் கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்குமேல் ஜீப்புகள் மீண்டும் எல்லையை நோக்கி இறங்கத் தொடங்கும். அதற்குமுன் கணக்குப் புத்தகத்தில் அரைநாளா முழுநாளா என்று எழுதும் அந்த ஒரு வரி அவர் கையிலேயே இருக்கிறது.