உலைக்கேற்ற அடுப்பு



மேல்மலையனூரைச் சேர்ந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், கணினி விளையாட்டுக்கென உயர்தரக் கணினியைத் தாமே அமைக்க விரும்பினார். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வாங்கவேண்டிய உறுப்புகளைப் பட்டியலிட்டுக் கொண்டுவந்தார். வளைகுடாவில் உழைக்கும் அவருடைய அத்தா அனுப்பிய பணம் அது. பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்கியிருந்தார். எல்லா உறுப்புக்கும் மின்சாரம் பகிரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கோ எஞ்சிய சில்லறைதான்!

"தம்பி, உலை பெரிது, அடுப்பு சிறிதாகலாமா?" என்றேன்.

2022இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றே 450 வாட் வரை இழுக்கும். 75 வாட் மின்விசிறிகள் ஆறு சுழலும் அளவு அது! அதற்கு 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டுமெனத் தயாரித்தவர்களே கூறுகின்றனர். மலிவுப் பெட்டியின்மேல் ஒட்டிய எண்ணை அது தொடர்ந்து தாங்குமென நம்பிவிட இயலாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் அது பழுதானால், விலையுயர்ந்த மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும்.

பொருத்தமும் பார்த்தல் வேண்டும். ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். வீட்டிலுள்ள பழைய டிடிஆர்4 உதவாது. வாங்குமுன் ஒவ்வொன்றையும் ஒப்புநோக்குங்கள். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் கேட்டுப் பெறுங்கள்.

மாணவர் கார்டில் ஒரு படி இறங்கி, தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேர்ந்தார். விளையாட்டுக் காட்சியில் மெருகு சற்றுக் குறையலாம். ஆனால், அத்தாவின் வியர்வை புகையாய்ப் போகாதல்லவா?