தானியேலுக்கும் ஆபீஸ் இருந்தது

போன மாதம் ஒரு ராத்திரி. கொண்டாப்பூர் வீட்டில் குடும்ப ஜெபம். நாசரேத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். சங்கீதம் வாசிக்கிற முறை எனக்கு. வழக்கம்போல போனில்தான் வாசித்தேன். நாலாவது வசனத்தில் திரைக்கு மேலே ஆபீஸ் மெசேஜ் எட்டிப் பார்த்தது. பில்ட் ஃபெயிலாம். கண் அங்கே போனது, வாய் நின்றது. முடித்துவிட்டேன் என்று நினைத்து அம்மா "ஆமென்" என்றாள். பிள்ளைகளும் ஆமென் போட்டுவிட்டு எழுந்து ஓடிவிட்டார்கள்.

அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. படுத்த பிறகு, இன்றைக்கு எந்தச் சங்கீதம் வாசித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை...

சபையில் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "பிரதர், இந்தக் காலத்துச் சாத்தானே போன்தான்" என்றார். சொன்ன கையோடு அதே பொருளில் ஒரு பிரசங்க வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 47 நிமிடம்!

எனக்குச் சண்டை இங்கேதான். போன் நல்லபிள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஆஸா ராஸ்கின். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டார். நாமும் ஐடியில்தானே இருக்கிறோம், இதெல்லாம் எப்படிச் செய்யப்படுகிறது என்று நமக்குத் தெரியாதா? ஆனால் போனைத் திட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோமே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்கே இன்றைய வாக்குத்தத்தம் என்று பூப்படம் போட்ட வசனம் பதினான்கு குழுவில் வந்து விழுகிறது. நாமும் வாசிக்காமலே இன்னும் நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். ஊழியர்களின் நேரலை ஒரு பக்கம், ஜெபக்குறிப்பு ஒரு பக்கம். எல்லாம் தேவனைப் பற்றித்தான். தேவனோடு பேசத்தான் ஆள் இல்லை. மார்த்தாளும் இயேசுவுக்காகத்தானே ஓடியாடி வேலை செய்தாள்? அவளைத்தானே அவர் அன்பாகக் கண்டித்தார்?

"நேரமில்லை பிரதர், கிளையன்ட் கால், டிராஃபிக்" என்பார்கள். சரி, தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் நம்மைப்போல பிழைப்பு அந்நிய ஊரில் அமைந்தவர்தான். விரும்பி வரவில்லை, சிறையாகக் கொண்டுவரப்பட்டவர், அதுதான் வித்தியாசம். 120 தேசாதிபதிகளுக்கு மேலே மூன்று பிரதானிகள், அதில் ஒருவர். நம் டெலிவரி மேனேஜரைவிட வேலை குறைவாகவா இருந்திருக்கும்? தினம் மூன்று வேளை மேலறையில் முழங்கால் போட்டார். பலகணி எருசலேம் பக்கம் திறந்தே இருந்தது. தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்திருக்கும். எதிரிகள் அவரைப் பிடித்தது எப்படி? நேரம் தவறமாட்டார் என்று தெரிந்ததால்தான் அந்தச் சட்டத்தையே போட வைத்தார்கள். நமக்கு யாராவது பொறி வைப்பதென்றால் எந்த நேரத்தில் வைப்பார்கள்? ராத்திரி பதினொன்று, கட்டில், கையில் போன். கண்டிப்பாக மாட்டுவோம்.

சட்டத்தில் கையெழுத்து விழுந்தாயிற்று என்று தெரிந்தும் அவர் அறைக்குப் போனார். சிங்கக்கெபியைவிட மேலே ஒருவர் இருக்கிறார் என்று நம்பினார். நமக்குக் குறைவது நேரமில்லை, இந்த நம்பிக்கை. அரைமணி நேரம் நான் இல்லாவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று உள்ளுக்குள் நினைக்கிறோம். அதுவும் ஒரு விசுவாசம்தான், யார்மேல் என்பதுதான் கேள்வி.

இந்த ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. ராயதுர்கத்தில் மெட்ரோ ஏறி, பரேட் கிரவுண்டில் மாறினால் முஷீராபாத் ஸ்டேஷன். அந்தப் பகுதியில்தான் பக்த் சிங் ஸ்தாபித்த எப்ரோன். பஞ்சாபி சீக்கியக் குடும்பத்தில் 1903-இல் பிறந்தவர். பரிசாகக் கிடைத்த வேதாகமத்தைக் கிழித்துப்போட்டு, அழகாக இருந்ததால் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டவர்! இங்கிலாந்திலும் கனடாவிலும் பொறியியல் படிக்கப் போன இடத்தில் கிறிஸ்துவை அறிந்தார். 1941-இல் நம்ம பல்லாவரம் மலையில் உடன் ஊழியர்களோடு ராத்திரி முழுக்க ஜெபித்த பிறகுதான் சென்னையில் சபை தொடங்கியது. எப்ரோனில் பாயில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஆராதனை, பிறகு எல்லோருக்கும் சாப்பாடு, நம் ஊர் அசனம் மாதிரி. 2000 செப்டம்பர் 17-இல் இதே ஹைதராபாத்தில் காலமானார். அவர் முறைகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை, நான் சிஎஸ்ஐ வளர்ப்பு. ஆனால் முழங்காலில் மணிக்கணக்காக இருந்த அந்த மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டும், ஏழு நிமிடம் உட்கார முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அவர் முழுநேர ஊழியர், அது வேறு" என்று நண்பர் விடமாட்டார். அதனால்தான் தானியேலை முதலில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இப்போது எட்டரை மணிக்குப் போனெல்லாம் அடுக்களையில் அரிசி டப்பாவின் மேல். அச்சடித்த வேதாகமம், அம்மா கொண்டுவந்தது. மனசு அடங்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நேற்றுகூட ஜெபத்தின் நடுவில் கச்சிபௌலி மேம்பாலம் வரை போய்விட்டுத்தான் திரும்பினேன். பில்ட் இரண்டு முறை ஃபெயிலானது. ஒன்பது மணிக்குப் பார்த்தேன், கம்பெனி அங்கேயேதான் இருந்தது.

அம்மா இப்போதெல்லாம் ஆமென் சொல்ல அவசரப்படுவதில்லை. நேற்று மட்டும் நடுவில் தூங்கிவிட்டாள்.