பிள்ளைக்குத் தாய்ப்பால், தாய்க்குத் தண்ணீர்: வில்லாபுரத்தின் கோடைக் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மதுரை மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம், மக்கள் நல்வாழ்வுத் துறை, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் துறை, தொழிலாளர் துறை.

முன்வைப்போர்: வில்லாபுரம் பகுதியின் தாய்மார்கள், அப்பத்தாக்கள், அம்மாச்சிகள், குடும்பத்தார்.

பங்குனி பிறந்துவிட்டால் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: “பச்சப்பிள்ளைக்கு நாக்கு வறண்டு போகும், ரெண்டு பாலாடை தண்ணி குடுங்க.” அதே வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால், “பச்ச உடம்புக்காரி, ரொம்பக் குடிச்சா வயிறு போட்டுரும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்” என்று அரை டம்ளரோடு நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் தேவைப்படாத வாய்க்கு ஊட்டுகிறோம்; தேவைப்படும் வாய்க்கு மறுக்கிறோம். இந்தத் தலைகீழ் வழக்கத்தை வீட்டிலும் ஊரிலும் நிமிர்த்த வேண்டும் என்பதற்காகவே இந்தச் சாசனம்.

எங்கள் கோரிக்கைகளின் அடிப்படை

தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். வெயில் ஏற ஏற, பிள்ளை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. தாகமும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று 2001-ல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது. வெப்ப நாடுகளுக்கு அதில் விதிவிலக்கு இல்லை. நம் நாட்டு வெயிலிலேயே இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தில்லியின் கோடையில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளையும், தாய்ப்பாலோடு தண்ணீரும் கொடுக்கப்பட்ட குழந்தைகளையும் மருத்துவர்கள் ஒப்பிட்டனர். அந்த ஆய்வு 1991-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. தண்ணீர் கொடுத்ததால் குழந்தைகளுக்கு எந்த நன்மையும் கூடவில்லை.

நன்மை இல்லாததோடு கெடுதலும் உண்டு. பச்சிளம் வயிறு சிறியது. தண்ணீரால் நிரம்பினால் பால் குடிப்பது குறையும். பிள்ளை சப்புவது குறைந்தால் பால் சுரப்பும் குறையும். “பால் பத்தலை” என்ற பேச்சு அப்புறம்தான் தொடங்கும். தண்ணீரோ, குடமோ, பாலாடையோ, புட்டியோ சுத்தமாக இல்லையென்றால் வயிற்றுப்போக்கு வரும். அளவு மீறினால் இரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். சீனித் தண்ணி, ஓமத் தண்ணி, தேன், பிறந்த அன்று தொட்டுவைக்கும் சேனை, கல்லில் உரசிக் கொடுக்கும் உரை மருந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்தும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் மட்டுமே விலக்கு.

தமிழ்நாட்டில் பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55 சதவீதம். நாட்டின் சராசரி 64-ஐ ஒட்டியது. மருத்துவமனை வாசல் வரை வந்த அறிவுரை வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்பதே இதற்குப் பொருள்.

தண்ணீருக்காக விலை கொடுத்த ஊர் வில்லாபுரம். இந்தப் பகுதியிலிருந்து 1996-ல் மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நெசவாளர் லீலாவதி, காசுக்குத் தண்ணீர் விற்றவர்களின் பகையைப் பொருட்படுத்தாமல் குழாய்த் தண்ணீருக்காகப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நாங்கள், தண்ணீர்க் கோரிக்கையைக் கைவிடவில்லை. அது தாய்க்குச் சேர வேண்டும் என்று கேட்கிறோம்.

கோரிக்கைகள்

1. தாய்க்குக் குடிநீர். கோடை மாதங்களில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை மாநகராட்சி தெருவாரியாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வராத நாளில் லாரித் தண்ணீர் குறித்த நேரத்துக்கு வர வேண்டும். மடியில் பிள்ளையோடு குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது. பாலூட்டும் தாய் தாகம் தீரக் குடிக்கலாம், பத்தியத்தில் தண்ணீர் சேராது என்பதைச் செவிலியர்கள் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

2. பிரச்சாரம் வெயிலுக்கு முன்னால். உலகத் தாய்ப்பால் வாரம் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை. மதுரையில் அதற்குள் கத்திரி வெயிலே போய்விடுகிறது. பங்குனியிலேயே வீடு வீடாகச் சொல்லத் தொடங்க வேண்டும். 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்படி அமைக்கும் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் “ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும், இந்தத் தண்ணீர் தாய்க்கு” என்று பலகை வைக்க வேண்டும்.

3. வீட்டுப் பெரியவர்களிடமும் பேச வேண்டும். பாலாடை யார் கையில் இருக்கிறதோ அவரிடம் சொல்லாத அறிவுரை வீண். பெரியாஸ்பத்திரியிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாயை வீட்டுக்கு அனுப்பும்போது கூட இருக்கும் அப்பத்தா, அம்மாச்சி, கணவர் ஆகியோரை உட்காரவைத்துப் பேச வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இதை எளிய தமிழில் அச்சிட்டு வைக்க வேண்டும்.

4. முதல் வாரத்தில் நேரில் பார்க்க வேண்டும். கோடையில் பிறந்த குழந்தை பால் சரியாகப் பிடிக்காவிட்டால் உடல் சீக்கிரம் வறண்டுவிடும். வீட்டுக்குப் போன சில நாட்களிலேயே செவிலியர் வந்து, பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தையும் எடையையும் பார்க்க வேண்டும். வாரம் தாண்டிய பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று தாய்க்குச் சொல்லித்தர வேண்டும்.

5. அப்பளக் கம்பெனிப் பெண்களுக்குப் பாதுகாப்பு. இந்தப் பகுதியில் அப்பளம் தேய்ப்பதும் காயவைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வெயில் அவர்களுக்கு வேலைக்கருவி. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் பிள்ளைக்குப் பாலூட்ட எழுந்தால் கூலி குறையும். வேலை நடக்கும் தெருக்களுக்கு அருகிலேயே கைக்குழந்தைகளுக்கான காப்பகம், நிழல், குடிநீர் வேண்டும். அங்கன்வாடி நேரத்தை அதற்கேற்ப நீட்டிக்க வேண்டும்.

6. கடைகளில் சட்டம் நடக்க வேண்டும். மகப்பேறு நலன் குறித்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகமும் உண்டு. விளக்குத்தூண், மாசி வீதி ஜவுளிக்கடைகளுக்கு எங்கள் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அங்கே இவை நடக்கின்றனவா என்று தொழிலாளர் துறை ஆய்வு செய்து அறிக்கை வெளியிட வேண்டும்.

7. பாலூட்டும் அறைகள் திறந்திருக்க வேண்டும். பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கான அறைகளை 2015-ல் அரசு தொடங்கியது. பெரியார், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் நிலையங்களில் அவை மின்விசிறி, குடிநீரோடு நாள் முழுவதும் இயங்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் தற்காலிக அறைகள் அமைக்க வேண்டும்.

8. விற்பனைக்குக் கடிவாளம். குழந்தைப் பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருந்துக்கடைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

9. கணக்கு வெளிவர வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் விகிதத்தை வார்டுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

எங்கள் பொறுப்பு

அரசிடம் கேட்பதோடு எங்கள் கடமை தீர்ந்துவிடாது. ஆறு மாதம் முடியும் வரை எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீரோ சீனித் தண்ணியோ கொடுக்க மாட்டோம். அழுதால் மார்பில் போடுவோம். புழுங்கினால் துணியைத் தளர்த்தி ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். தாயின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்போம். பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் அடித்தால் தண்ணீர் கொடுத்துப் பார்க்க மாட்டோம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். மாவுப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அளவுக்கு மேல் தண்ணீர் கலக்க மாட்டோம். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம்.

எங்கள் கோரிக்கைகளில் பலவற்றுக்குச் சட்டமும் திட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு துறையும் எதை, எந்தத் தேதிக்குள் செய்யும் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை ஏரியா சபைக் கூட்டத்தில் எங்கள் முன் வாசிக்க வேண்டும். அடுத்த கத்திரி தொடங்குவதற்குள் இது நடக்க வேண்டும்.