பழைய ஃபிலிமைப் பீரோ மேலேயே விட்டுப் போகாதீர்கள்

பேரனுக்குப் பத்து வயது. ஓயாத வயிற்று வலி. முதலில் காட்டிய இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வலி நிற்கவில்லை. இருபது நாள் கழித்து இன்னொரு மருத்துவமனைக்குப் போனோம். "பழைய ஸ்கேன் எங்கே?" என்றார் டாக்டர். அது வீட்டில், பீரோ மேல் இருந்தது.

"பரவாயில்லை சார், கீழே போய்ப் புதுசா ஒண்ணு எடுத்துடலாம்" என்றார் பக்கத்தில் நின்ற ஊழியர். மருமகள் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் ஃபிலிமையும் குறுந்தகட்டையும் எடுத்து வந்தேன். டாக்டர் பார்த்தார். "இது போதும். இப்போதைக்கு அல்ட்ராசவுண்ட் மட்டும் பார்ப்போம்" என்றார்.

ஆட்டோவுக்குக் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காரணம் சொல்கிறேன்.

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் கதிர்வீச்சு படுகிறது. உலகச் சராசரி வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் 0.1 அல்லது அதற்கும் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர்களுக்கு எடுக்கும் வயிற்று சி.டி. ஒன்றில் சுமார் 8. அதாவது, மூன்று வருஷத்து இயற்கைக் கதிர்வீச்சு சில நொடிகளில் உடம்பில் இறங்குகிறது. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது.

எழுபதைத் தாண்டிய நமக்கு இதனால் வரும் ஆபத்து மிகக் குறைவு. குழந்தைகளுக்கு அப்படியில்லை. வளரும் உடம்பு, கெடுதல் பின்னால் தலைகாட்டுவதற்கு இன்னும் பல வருஷங்கள் அவர்களுக்கு இருக்கின்றன.

அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கவாதம், தலையில் பலத்த அடி என்றால் டாக்டர் சொன்ன உடனே எடுத்தாக வேண்டும். அங்கே தாமதம்தான் ஆபத்து. நான் குறை சொல்வது தேவையில்லாமல் எடுப்பதை. அதில் நம் பங்கும் உண்டு. ஸ்கேன் எழுதாத டாக்டரை நாம் நம்புவதில்லை. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே டாக்டர்" என்று நாமே கேட்கிறோம்.

அதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதன் முடிவால் வைத்தியம் மாறுமா? அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. போதுமா? பழைய படமே உதவுமா? குழந்தையாக இருந்தால், அதன் எடைக்குத் தகுந்தபடி கதிர்வீச்சு அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கொரு மஞ்சள் பை. ஃபிலிம், ரிப்போர்ட், குறுந்தகடு எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் செருப்பு மாட்டும் முன் பையை எடுக்க வேண்டும். பேரனே இப்போது எனக்கு ஞாபகப்படுத்துகிறான்.